மேசைமேல் வைக்கப்பட்ட பதில்கள்

எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா ஒரு கணக்கை மட்டும் சாகுறவரைக்கும் மறக்கல. "ஏழுக்கு நாலு." ஏழு பேர் இந்தியாவுக்கு, நாலு பேர் சிலோனுக்கு. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் கணக்கு அது. மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சமிருக்கும் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். சந்தையில் ஆடு பிரிக்கிறவன்கூட ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். இவர்கள் எங்கள் வாயைத் திறக்கவே விடவில்லை. அந்த ஏழு பங்கில் வந்து விழுந்தது எங்கள் குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் ஒரு லயத்தில் வந்து நின்றோம். அங்கே கொழுந்து, இங்கேயும் கொழுந்து. தொரை மட்டும் வேற.

இதை எதற்கு இப்போது சொல்கிறேன் என்றால், என்னிடம் ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சரிடம் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும். தினத்தாளில் கத்தரித்தது பாதி, மாணவத் தோழர்கள் அச்செடுத்துக் கொடுத்தது பாதி. எந்தக் கட்சி ஆண்டாலும் எந்த அமைச்சர் வந்தாலும் அதில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வரும். துறையில் ஆள் போதவில்லை, எத்தனை இடம் காலி? ஐ.நா. அமைதிப் படைக்கு நாம் எத்தனை பேரை அனுப்பினோம்? இலங்கையில் தமிழர்களுக்கு அதிகாரப் பகிர்வு என்ன ஆச்சு?

மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. சேர்த்துப் படித்துப் பாருங்கள். எந்த ஆள்? எவன் வீட்டுப் பிள்ளை? எந்தத் தமிழர்? இந்தக் கேள்வி மூன்றிலும் இல்லை. என் கட்டில் நான் தேடிவிட்டேன். கேட்கிறவரும் கேட்பதில்லை, சொல்கிறவரும் சொல்வதில்லை.

கேள்வி எப்படிப் போகிறது என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. உறுப்பினர் பதினைந்து நாளைக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. சீட்டுக் குலுக்கலில் மேலே வந்தால் அது நட்சத்திரக் கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு இருபது. அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் உண்டு. மேலே வராதது நட்சத்திரமில்லாத கேள்வி, நாளைக்கு 230. அதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை, பதிலை அவையின் மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம். சங்கடமான கேள்வியாக இருந்தால் 'தகவல் திரட்டப்படுகிறது, கிடைத்ததும் மேசைமேல் வைக்கப்படும்' என்று ஒரு வரி. அல்லது 'இது இன்னொரு அமைச்சகத்தைச் சார்ந்தது' என்று ஒரு வரி. எங்க சனத்தின் கதி இந்த இரண்டாவது வரியில் இருக்கிறது. கப்பலேறுகிறவரைக்கும் நாங்கள் வெளியுறவுத் துறை. கரை இறங்கியதும் உள்துறை. சாதிச் சான்றிதழ் என்று வாய் திறந்தால் சமூக நீதித் துறை. மூன்று அமைச்சரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். நாங்கள்தான் துண்டு துண்டாக நிற்கிறோம்.

அந்தப் பதிலையும் அமைச்சர் உட்கார்ந்து எழுதுவதில்லை. பிரிவில் ஒரு அதிகாரி எழுத, மேலதிகாரி திருத்த, அதற்கு மேலே ஒருவர் ஒப்பமிட, கடைசியில் அமைச்சர் கைக்கு வருகிறது. ஆகவே அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்பது வெறும் வேலைவாய்ப்புச் சங்கதி கிடையாது. நம்மைப் பற்றி உலகத்துக்கு என்ன சொல்லப்படும் என்கிற சங்கதி.

ஆள் பற்றாக்குறை உண்மைதான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகள் ஆயிரம் பேரை ஒட்டித்தான் இருக்கிறார்கள். நாடாளுமன்ற நிலைக்குழுவே பல தடவை இதைக் கடிந்து எழுதியிருக்கிறது. நம்ம ஆட்களும் 'ஆமா, ஆள் கூட்டணும்' என்று தலையாட்டுகிறார்கள். எந்த வாசலில் ஆளை நிறுத்திவைத்துவிட்டு ஆள் இல்லை என்கிறீர்கள்? அதைக் கேட்க வேண்டாமா?

எங்க அண்ணன் நாவலப்பிட்டியில் பிறந்தவன். இங்கே வந்து பன்னிரண்டாவது வரை படித்தான். அந்த லயத்தில் அதுவரை யாரும் படிக்காத படிப்பு. அரசுத் தேர்வு எழுத சாதிச் சான்றிதழ் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு நடந்தான். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருப்பார்கள். முதல் நாள் கேட்டது: "சிலோன்ல பொறந்தவனுக்கு இங்க என்னய்யா சாதி?" இரண்டாவது நாள் இன்னொருத்தர் சட்டம் தெரிந்தவர் மாதிரி கேட்டார்: "1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி உன் தாத்தா எங்க இருந்தாரு?"

பட்டியல் சாதிகள் ஆணை வந்த தேதி அது. அன்றைக்கு இந்த மாநிலத்தில் குடியிருந்த பரம்பரை என்று காட்ட வேண்டுமாம். எங்க தாத்தா அன்றைக்கு மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். 1948-இலேயே இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டு அவரை 'நீ எங்க ஆள் இல்லை' என்று தள்ளியாயிற்று. 1950-இல் இங்கே 'நீ எங்க பட்டியலில் இல்லை' என்கிறார்கள். நாடு இல்லாத மனுசனுக்கு சாதி மட்டும் இருந்தது. லயத்தில் இருந்தது, கோயிலில் இருந்தது, திரும்பி வந்தபோது பெட்டி படுக்கையோடு அதுவும் கூடவே வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய் நின்ற அன்றைக்கே, கேட்காமலே சாதி சொல்லி டீக்கடையில் தனிக் கிளாஸ் கொடுத்தார்கள். அந்தக் கடைக்காரனுக்குத் தெரிந்தது அதிகாரிக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு நல்ல மனுசன் கையெழுத்துப் போட்டார். அதற்குள் அண்ணனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறான்.

இட ஒதுக்கீட்டில் வந்த அதிகாரிகள் துறையில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பட்டியல் சாதிக்கு 15 சதம், பழங்குடிக்கு 7.5 சதம் என்று சட்டம் இருக்கிறபோது வராமல் இருக்க முடியாது. எங்கே வைத்திருக்கிறார்கள்? எத்தனை பேர் பெரிய தலைநகரங்களில் தூதர்? வெளியுறவுச் செயலர் நாற்காலியில் இதுவரை எத்தனை பேர்? இதைக் கேட்டால் உடனே கே.ஆர். நாராயணன் பெயரை எடுத்து நீட்டுவார்கள். 1949-இல் சேர்ந்தார், சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதரானார், குடியரசுத் தலைவரானார், எல்லாம் நமக்கும் பெருமைதான். எழுபது வருஷமாக ஒரே பெயரைச் சொல்கிறவன் வேறு பெயர் சொல்ல முடியாமல்தான் சொல்கிறான்.

அண்ணலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951 அக்டோபரில் பதவி விலகும்போது கொடுத்த அறிக்கையில் வரிசையாகக் காரணம் சொன்னார். இந்து சட்ட மசோதாவை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அமைச்சரவையின் வெளியுறவுக் குழுவிலும் பாதுகாப்புக் குழுவிலும் தன்னைச் சேர்க்கவே இல்லை என்பதையும் அதே அறிக்கையில் சொல்லியிருக்கிறார். நாட்டின் வருவாய் 350 கோடியில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறதே, நமக்கு நண்பர்கள் இல்லாமல் போனதன் விலை அல்லவா இது என்று கேட்டிருக்கிறார். பொருளாதாரமும் சட்டமும் கரைத்துக் குடித்து, வட்டமேசையில் உட்கார்ந்துவிட்டு வந்த மனுசனுக்கு வெளியுறவுக் குழுவில் ஒரு நாற்காலி இல்லை. உலகத்தோடு பேசுவது அவர்கள் வேலை, நமக்கு உள்ளூர் சங்கதி போதும் என்கிற புத்தி அன்றைக்கே அங்கே இருந்திருக்கிறது.

ஐம்பது வருஷம் கழித்து அது டர்பனில் வெளியே வந்தது. 2001-இல் அங்கே ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு. நம் தோழர்கள் பெருங்கூட்டமாகப் போய் சாதியையும் பேசுங்கள் என்றார்கள். வெளியுறவுத் துறை என்ன சொன்னது? சாதி இனம் ஆகாது, இந்த மேடையில் பேசக் கூடாது, நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1996-இல், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு பட்டியல் சாதிகளின் நிலைமை தங்கள் உடன்படிக்கைக்குள் வரும் என்று சொல்லியாகிவிட்டது. அதையும் இந்த அரசு ஏற்கவில்லை. எங்க சனத்துக்கு எதிரான அந்த வாதத்தை உட்கார்ந்து எழுதிய கை யாருடையது? இதற்காகத்தான் பணியிடக் கேள்வியைக் காலியிடக் கணக்கோடு முடிக்கக் கூடாது என்கிறேன்.

அதே துறை இலங்கையைப் பார்த்து என்ன சொல்கிறது? ஒன்றுபட்ட இலங்கைக்குள் தமிழ் மக்களுக்குச் சமத்துவம், நீதி, அமைதி, கண்ணியம். 2021 ஜனவரியில் கொழும்பிலேயே போய் நின்று வெளியுறவு அமைச்சர் இதைச் சொன்னார். நல்ல வார்த்தைகள்தான், ஒன்றில்கூட எனக்கு மறுப்பு இல்லை. தோட்டத்தில் நல்ல இலையெல்லாம் பெட்டியில் அடைத்து ஏற்றுமதிக்குப் போகும். பறித்தவள் வீட்டு அடுப்பில் கொதிப்பது கழித்த தூள். கண்ணியத்தையும் இவர்கள் ஏற்றுமதிச் சரக்காக வைத்திருக்கிறார்கள்.

அமைதிப் படைக்கு வருவோம். ஐ.நா.வுக்கு இதுவரை 2,90,000-க்கு மேல் ஆட்களை அனுப்பியிருக்கிறோம், ஐம்பதுக்கு மேற்பட்ட பணிகளில் நின்றிருக்கிறோம் என்று பதிலில் பெருமையாக வரும். 2007-இல் லைபீரியாவுக்குப் பெண் காவலர் படைப்பிரிவு போனதும் வரும். சரி, பெருமைப்படட்டும். ஐ.நா. கொடி இல்லாமல் போன ஒரு அமைதிப் படையைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் தாழ்கிறது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், 1990 மார்ச்சில் திரும்பிய படை. நம் சிப்பாய்கள் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். 1987 அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர், நர்ஸ், நோயாளி என்று பார்க்காமல் சுட்டதும் அந்தப் படைதான். திரும்பி வந்தபோது சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கப் போக மாட்டேன் என்றார் அன்றைய முதல்வர் கருணாநிதி. அது சரியென்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது. ஆனால் போனவன் யார் என்று அவரும் கேட்கவில்லை, அனுப்பியவர்களும் கேட்கவில்லை.

எட்டாவது மஹர் பட்டாலியன் அங்கே போனது. அந்தப் போருக்கான ஒரே பரம்வீர் சக்ரா அந்த பட்டாலியனின் மேஜர் பரமேஸ்வரனுக்குத்தான், 1987 நவம்பர் 25 அன்று செத்த பிறகு. மஹர் ரெஜிமெண்ட் 1941-இல் உருவானதன் பின்னால் அண்ணலின் போராட்டம் இருக்கிறது. தீண்டத்தகாதவன் படைக்கு லாயக்கில்லை என்று வெள்ளைக்காரன் மூடிய கதவை அவர் திறக்க வைத்தார். இன்றைக்கு அதில் எல்லாச் சாதியும் இருக்கிறது, அது வேறு விஷயம். சாவதற்கு ஆள் எடுக்கும் இடத்தில் நம் பெயரிலேயே ஒரு படை, பதில் எழுதும் இடத்தில் நாம் எத்தனை பேர் என்று ஒரு எண்கூடக் கிடையாது.

எங்க லயத்துக்கு அடுத்த லயத்தில் ஒரு அண்ணன், மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். 1988-இல் யாழ்ப்பாணத்தில் இருந்தார். சண்டையைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒன்று மட்டும் சொன்னார். ஒரு வீட்டைச் சோதனை போடப் போயிருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், இவர் தமிழ் பேசுவதைக் கேட்டதும் கேட்டாராம்: "தம்பி எந்த ஊர்? என்ன ஆக்கள்?" அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு என்ன சாதி என்று அர்த்தம். "துப்பாக்கி என் கையில இருக்குடா. பின்னாடி பத்துப் பேரு நிக்கிறான். ஆனா அந்தக் கேள்விக்கு எனக்கு வாய் வரல. பேசாம வெளிய வந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை எழுதினால் தமிழ்த் தேசியத் தோழர்கள் கோபப்படுவார்கள், தெரியும். முள்ளிவாய்க்காலில் அவ்வளவு பேரைப் பறிகொடுத்த இனத்தைப் பார்த்து சாதி பேசலாமா, ஒற்றுமையைக் குலைக்கலாமா என்பார்கள். 2009-இல் நாங்களும் தெருவில் நின்றோம். செத்தவர்களில் எங்க ஆட்களும் இருந்தார்கள். 1970-களிலும் 80-களிலும் இனக்கலவரத்துக்குத் தப்பி மலையிலிருந்து வன்னிக்கு ஓடி, அங்கே கூலிக்காரர்களாகக் குடியேறியவர்கள் எத்தனை ஆயிரம்! அவர்கள் போரின் வழியில்தான் கிடந்தார்கள். ஒற்றுமைக்கு நாங்கள் கொடுத்த விலை உங்கள் கணக்கில் ஏறவில்லை என்பதுதான் சண்டையே.

பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம். 1928-இல் டொனமூர் குழு எல்லோருக்கும் ஓட்டு என்று பரிந்துரைத்தபோது அதை எதிர்த்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நம் சனம் நுழையப் போனபோது வாசலை மறித்து நின்றவர் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். 1947 தேர்தலில் மலையக மக்களின் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. 1952 தேர்தலில் ஒன்றும் இல்லை, ஓட்டே இல்லாதபோது இடம் எங்கிருந்து வரும்? நடுவில் நடந்தது 1948, 49 சட்டங்கள். ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்தில் போய் மந்திரியானார். செல்வநாயகம் எதிர்த்து வெளியேறித் தமிழரசுக் கட்சி தொடங்கினார். அவருக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு, மறைக்கவில்லை. தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர் என்பதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. இவ்வளவு சுலபமாக ஏழுக்கு நாலு என்று பிரிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். வேறு சாதிக்காரன் லட்சக்கணக்கில் அங்கே நின்றிருந்தால் டெல்லி ஒரு தடவையாவது தயங்கியிருக்கும்.

1987 நவம்பரில் வந்த 13-ஆவது திருத்தம்தான் அதிகாரப் பகிர்வு என்று வெளியுறவு அமைச்சர்கள் இன்றுவரை சொல்லும் பதில். மாகாண சபை. வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு ஒரு பொருள் உண்டு. மலையகத்துக்காரன் இருப்பது மத்திய மாகாணம், ஊவா, சபரகமுவ. மூன்றிலும் அவன் சிறுபான்மை. அவன் கையில் என்ன அதிகாரம் வந்து சேரும்? வடக்கிலேயும் சபை வந்தால் யார் நாற்காலியில் யார் உட்காருவது? பஞ்சமர் என்று ஒதுக்கியவர்களுக்கு அதில் என்ன உத்தரவாதம்? அந்தச் சபையும் கடைசியில் என்ன ஆயிற்று? 2014-இல் ஊவாவுக்குக் கடைசித் தேர்தல். 2019-இல் அதன் ஆயுளும் முடிந்து, பிறகு வருஷக்கணக்கில் ஆளுநர்கள் ஆண்டார்கள். நம் பதிலில் மட்டும் 13 மாறவே இல்லை.

இந்தியா 50,000 வீடு கட்டிக் கொடுத்தது. 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத்துக்கு. போரில் வீடிழந்தவர்களுக்கு முதலில் போகட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் லயம் இடிந்து விழுவதற்குக் குண்டு தேவையில்லை. வெள்ளைக்காரன் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, அவ்வளவுதான். 2017-இல் இன்னும் 10,000 வீடு என்றார்கள். மலையகம் வந்து 200 வருஷம் ஆயிற்று என்று 2023-இல் 75 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். தர்மமாக வருகிறது எல்லாம். அதிகாரம் என்கிற சொல் எங்க சனத்தின் பக்கம் வரும்போது உதவி என்று மாறிவிடுகிறது.

இங்கே முகாம்களில் 2021 கணக்குப்படி 58,000 பேர் வரை. அதே வருஷம் அகதி முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அவர்களில் கணிசமானோர் ஏழுக்கு நாலில் சிக்கிய இந்திய வம்சாவளி. 1984-இல் கப்பல் நின்றுபோனதால் முறையாக வர வழியில்லாமல், பிறகு கள்ளத் தோணியில் வந்தவர்கள். ஒப்பந்தத்தில் எண்ணப்பட்டவன், கப்பல் கிடைத்திருந்தால் குடிமகன். தோணியில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி! 2019-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இவர்களின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே வருஷக் கடைசியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகள் இருந்தன, இலங்கை இல்லை. வெளியுறவு அமைச்சரைக் கேட்டால்? உள்துறையைக் கேளுங்கள்.

மக்களவையில் பட்டியல் சாதித் தொகுதிகள் 84, தமிழ்நாட்டில் 7. 2009 முதல் எங்க நீலகிரியும் அதில் ஒன்று. நம் உறுப்பினர்கள் நம் பிரச்சினை என்றால் கல்வி உதவித்தொகை, வன்கொடுமை வழக்கு என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். வெளியுறவு என்றதும் அது பெரியவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கட்டுக் கட்டாகச் சேர்த்தேனே தவிர, ஒரு கேள்வி எழுதத் தோன்றவில்லை. போன மாதம் ஒரு மாணவத் தோழர்தான் சொன்னார்: "அண்ணே, படிச்சிட்டே இருக்கீங்களே, நீங்களே ஒண்ணு எழுதிக் கொடுங்களேன்."

எழுதினேன். வெளியுறவுத் துறையில் இணைச் செயலர் நிலைக்கும் அதற்கு மேலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், எந்தெந்த நாட்டுத் தூதரகங்களில் என்று முதல் பகுதி. 1987 முதல் 90 வரை இலங்கையில் இறந்த சிப்பாய்களின் குடும்பங்களில் எத்தனை பேருக்கு நிலமும் வேலையும் சேர்ந்தது, அதில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் எத்தனை என்று இரண்டாவது. இலங்கையோடு அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசும்போது மலையக மக்களையும் வடக்கின் ஒடுக்கப்பட்ட சாதிகளையும் பற்றி எப்போதாவது பேசியதுண்டா, எந்த ஆண்டு என்று மூன்றாவது. முதலில் எழுதியபோது 300 சொல் வந்தது. அப்பாயியின் பெயர், அண்ணனின் பெயர், ஆகஸ்ட் 10 எல்லாம் அதில் இருந்தன. எடுத்தெடுத்து 150-க்குள் கொண்டுவந்தேன். நான்கு உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது.